வீட்ல பாட்டும் வீணையும் ரெக்கார்ட் பண்ண கண்டன்சர் மைக், கம்ப்ரஸர்: 25,000 ரூபாய்க்குள்ள என்ன வாங்கலாம்?

வைகைக்கரை (மதுரை)

வணக்கம் நண்பர்களே, இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தவன், இப்பதான் முதல் கேள்வி. தங்கச்சி பாட்டு முறையா கத்துக்கிட்டவ, வீணையும் வாசிப்பா, இதுவரைக்கும் போன்லயே எடுத்து யூடியூப்ல போட்டுட்டு இருந்தோம், ஆளுங்க நல்லாருக்குனு சொல்றாங்க ஆனா சவுண்ட் மட்டும் சரியில்லனு எல்லாரும் ஒரு வரி சேத்து எழுதிடுறாங்க. முக்கியமான பிரச்சனை என்னன்னா கீழ் ஸ்தாயில ஆலாபனை ஆரம்பிக்கும்போது அவ என்ன பாடுறாங்கறதே கேக்காது, மேல் ஷட்ஜத்துக்கு மேல போனா காதை கிழிக்கும். சவுண்ட் சர்வீஸ் கடைக்காரர் ஒருத்தர்கிட்ட கேட்டேன், கண்டன்சர் மைக்கும் ஒரு கம்ப்ரஸரும் (சத்தமா வர்றதை அமுக்கி ஏத்த இறக்கத்தை குறைக்கிற பெட்டி) போட்டா எல்லாம் சரியாயிடும்னார், அவர்கிட்டயே பழைய ரேக் கம்ப்ரஸர் ஒண்ணு இருக்காம் 8,000க்கு தர்றாராம்.

மொத்த பட்ஜெட் 25,000, கொஞ்சம் முன்னபின்ன போகலாம். லேப்டாப் இருக்கு, 8 ஜிபி ரேம். மாடியில 10க்கு 12 ரூம், டைல்ஸ் தரை, ஒரு பக்கம் ஜன்னல், ரோடு கொஞ்சம் தள்ளித்தான். ஃபேன் ஆஃப் பண்ணிக்கலாம் (மே மாசம் தவிர!). மைக் எது, இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போட சேக்கிற பெட்டி) எது, அந்த கம்ப்ரஸரை வாங்கலாமா வேண்டாமா? யூஎஸ்பி மைக் போதும்னு ஒரு ஃப்ரெண்ட் சொல்றான், அதுவும் குழப்பமா இருக்கு.

மிக்ஸ்மேசை_மணி (சென்னை)

தல, முதல்ல அந்த ரேக் கம்ப்ரஸரை மறந்துடுங்க. நல்ல பொருளா இருந்தாலும் உங்க செட்டப்ல மாட்டவே இடம் கிடையாது. மைக்ல இருந்து வர்ற சிக்னல் ரொம்ப பொடிசு, அந்த பெட்டி எதிர்பாக்குறது லைன் லெவல், அதனால நேரா சொருகினா வேலைக்கு ஆகாது, நடுவுல சிக்னலை பெரிசாக்குற ப்ரீஆம்ப் வேணும். அதோட கண்டன்சருக்கு 48 வோல்ட் பேன்டம் பவர் (மைக் கேபிள் வழியாவே போற மின்சாரம்) கொடுக்கணும், அது கம்ப்ரஸரைத் தாண்டி மைக்குக்கு போகாது. சரி இன்டர்ஃபேஸ்லயே ப்ரீஆம்ப் இருக்கேன்னு கேட்டா, உங்க பட்ஜெட்ல வர்ற இன்டர்ஃபேஸ்ல ப்ரீஆம்புக்கும் ரெக்கார்டிங்குக்கும் நடுவுல வெளி பெட்டியை நுழைக்கிற இன்சர்ட் ஜாக் பெரும்பாலும் இருக்காது. ப்ரீஆம்ப், பேன்டம், கம்ப்ரஸர், "ஸ" குத்தலை குறைக்கிற டீ-எஸ்ஸர் எல்லாம் ஒண்ணா வர்ற டிபிஎக்ஸ் 286எஸ் மாதிரி சேனல் ஸ்ட்ரிப்னா கதை வேற, ஆனா அதுக்கு செலவு பண்ற நிலையில நீங்க இல்ல, தேவையும் இல்ல.

இன்னொண்ணு, உள்ள போகும்போதே கம்ப்ரஸ் ஆகிப் போச்சுன்னா அப்புறம் பிரிச்செடுக்க முடியாது. டேப்ல எடுத்த காலத்துல மெதுவா பாடுறது டேப் இரைச்சல்ல முங்கிடும், சத்தமா பாடினா டேப் கரகரங்கும், அதனால போற வழியிலயே அமுக்கி அனுப்பினாங்க, அதுக்கு அர்த்தம் இருந்துச்சு. இப்ப 24 பிட்ல கணக்குப்படி 144 டெசிபெல் இடம் இருக்கு, 16 பிட்லயே 96. உச்சத்துல பாடும்போது மீட்டர் மைனஸ் 12, போனா மைனஸ் 10 வரைக்கும் வர்ற மாதிரி கெயினை (மைக் சிக்னலை ஏத்தி இறக்குற திருகு) குறைச்சு வெச்சுக்கிட்டு எடுங்க, கம்ப்ரஸரை அப்புறம் லேப்டாப்ல ப்ளகினா (ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள்ள ஓடுற குட்டி ப்ரோக்ராம்) போட்டுக்கலாம், பிடிக்கலைன்னா ஒரு க்ளிக்ல கழட்டிடலாம். ரீப்பர்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை 60 நாள் சும்மா போட்டுப் பாக்கலாம், அதுக்குள்ளயே வர்ற ரீயாகாம்ப் என்ற கம்ப்ரஸர் பாக்க அசிங்கமா இருக்கும், வேலை சுத்தமா செய்யும். டிடிஆர் கோட்டெல்னிகோவ்னு ஒண்ணு ஃப்ரீயா கிடைக்குது, அதுவும் நல்லது.

மைக்: ஆடியோ-டெக்னிகா ஏடி2020, கண்டன்சர்தான். கண்ணை மூடிக்கிட்டு சொல்றேன். கார்டியாய்ட் (முன்பக்க சத்தத்தை முக்கியமா வாங்கும்), 16 மில்லிமீட்டர் டயஃப்ரம் (உள்ள இருக்கிற சவ்வு), 144 டெசிபெல் வரைக்கும் தாங்கும், தங்கச்சி எவ்வளவு உச்சத்துல பாடினாலும் மைக் உடையாது, உடைஞ்சா அது இன்டர்ஃபேஸ்ல கெயின் ஜாஸ்தியா இருக்குன்னு அர்த்தம். இன்டர்ஃபேஸ் ரெண்டு மைக் இன்புட் உள்ளதா பாருங்க, பெரிஞ்சர் யூஎம்சி202எச்டி 24 பிட், பட்ஜெட்டுக்குள்ள வரும். அதோட தம்பியா யூஎம்சி22 இருக்கு, விலை கம்மி ஆனா அது 16 பிட், ஒரே மைக் இன்புட், வேண்டாம். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ நல்லது ஆனா அதுலயும் ஒரு மைக்தான் மாட்ட முடியும், வீணைக்கும் குரலுக்கும் தனித்தனியா மைக் வைக்கணும்னு நாளைக்கு ஆசை வரும் பாருங்க. யூஎஸ்பி மைக் வேண்டாம்னு சொல்றதும் இதுக்குத்தான். ஒண்ணு வாங்கினா ஒண்ணோட முடிஞ்சுது, ரெண்டு யூஎஸ்பி மைக்கை ஒரே நேரத்துல ஒரே சாஃப்ட்வேர்ல ஓட்டறது விண்டோஸ்ல தலைவலி.

விலை போடல, வாராவாரம் மாறுது. மைக், இன்டர்ஃபேஸ், ஸ்டாண்ட், பாப் ஃபில்டர், எக்ஸ்எல்ஆர் கேபிள், காதை முழுசா மூடுற ஹெட்ஃபோன் எல்லாத்தையும் எழுதி மொத்தம் போட்டு பாத்துட்டு ஆர்டர் பண்ணுங்க, நிறைய பேர் ஸ்டாண்டையும் கேபிளையும் கணக்குல எடுக்காம மைக் வந்த அன்னிக்கு புத்தகத்து மேல சாய்ச்சு வெச்சு பாடுவாங்க.

நொய்யல்_ஸ்பீக்கர் (கோவை)

மணி சொல்றது சரிங்க, ஆனா டைல்ஸ் தரை, வெத்து செவுரு உள்ள ரூம்ல கண்டன்சர் வாங்கறது வீண் செலவுங்க. எதுத்த வீட்டு மிக்ஸி சத்தம் வரைக்கும் புடிச்சு குடுத்துரும். ஷ்யூர் எஸ்எம்58 டைனமிக் மைக் ஒண்ணு வாங்கி போடுங்க, 1966ல இருந்து இருக்குது, கீழ போட்டாலும் ஒண்ணும் ஆகாதுங்க, ரூம் சத்தமே வாங்காது. பேன்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

மிக்ஸ்மேசை_மணி

நொய்யல், எஸ்எம்58 நல்ல மைக், அதுல சண்டை இல்ல, கச்சேரி மேடைக்கு அதான் நானும் போடுவேன். ஆனா "டைனமிக் ரூம் சத்தம் வாங்காது"ங்கறது எல்லாரும் சொல்லி சொல்லி உண்மையாகிப்போன சமாச்சாரம். மைக்குக்கு எது பாட்டு எது மிக்ஸினு தெரியாது. எஸ்எம்58ஐ உதட்டோட ஒட்டி பாடுறோம், குரல் அங்க அவ்வளவு சத்தமா இருக்கறதால கெயின் குறைவா வைக்கிறோம், அதனால ரூம் அமுங்கிப் போகுது. அதே எஸ்எம்58ஐ ஒரு அடி தள்ளி வெச்சு, அதே லெவல் வர்ற வரைக்கும் கெயினை ஏத்துங்க, மிக்ஸியும் கூடவே வரும், போதாக்குறைக்கு ப்ரீஆம்போட இரைச்சலும் சேரும். தூரம் பாதியாச்சுன்னா நேரா வர்ற குரல் 6 டெசிபெல் ஏறும், ரூம்ல சுத்திட்டு இருக்கிற சத்தம் அப்படியே இருக்கும், இந்த கணக்கு ரெண்டு மைக்குக்கும் ஒண்ணுதான்.

வித்தியாசம் எங்க வரும்னா, எஸ்எம்58 15,000 ஹெர்ட்ஸ்ல நின்னுடும், அதனால மேல உள்ள சரசரப்பு கம்மியா தெரியும். கர்நாடக சங்கீதத்துல உதட்டோட ஒட்டி பாடவும் முடியாது, தலை ஆடும், கை தாளம் போடும், மேல் ஸ்தாயில ஆள் தானா பின்னாடி போவாங்க. வீணைக்கு எஸ்எம்58 வெச்சு கேட்டிருக்கீங்களா, கமகம் எல்லாம் கம்பளி போத்தின மாதிரி இருக்கும்.

நொய்யல்_ஸ்பீக்கர்

வீணை இருக்கறதை கவனிக்கலைங்க. அப்ப கண்டன்சரே போடட்டும். ஆனா ரூமை சரி பண்ணாம மைக் வாங்கினா நான் சொன்னேன்னு ஞாபகம் வெச்சுக்குங்க.

வைகைக்கரை

ரொம்ப நன்றி மணி அண்ணா, நொய்யல் அண்ணா. ரெண்டு சந்தேகம். ஒண்ணு, கடைக்காரர் ஏடி2020 பேரைச் சொன்னதும் "அது எலக்ட்ரெட்தான் தம்பி, ஒரிஜினல் கண்டன்சர் இல்ல, ரோட் என்டி1 வாங்கு, அதுல இரைச்சல் 4 டெசிபெல்தான், இதுல 20"னு சொல்றார். இன்னும் பணம் சேத்து என்டி1தான் வாங்கணுமா? ரெண்டு, ப்ளகின் கம்ப்ரஸர் ரீயாகாம்ப் திறந்து பாத்தேன், போன்ல எடுத்த பழைய பாட்டு ஒண்ணுல போட்டேன், கீழ் ஸ்தாயி நல்லா கேக்க ஆரம்பிச்சுது ஆனா கூடவே ஸ்ருதி பெட்டி சத்தம் வரிக்கு வரி உப்பி உப்பி அமுங்குது, ஃபேன் சத்தம் வேற எங்கிருந்தோ முன்னாடி வந்துடுச்சு. செட்டிங் தப்பா?

சைன்_வேவ் (பெங்களூர்)

எலக்ட்ரெட் விஷயம் நான் சொல்றேன், எனக்கு இது பிடிச்ச சப்ஜெக்ட். கண்டன்சர் மைக் 1916ல பெல் டெலிபோன் ஆளுங்ககிட்ட வேலை பாத்த ஈ. சி. வென்ட்டேங்கறவர் பண்ணது, மெல்லிசா ஒரு சவ்வு, பின்னாடி ஒரு தகடு, ரெண்டுக்கும் நடுவுல மின்சாரம் ஏத்தி வெச்சிருப்பாங்க, சவ்வு அசைஞ்சா அது சிக்னலா மாறும். அந்த மின்சாரத்தை வெளியில இருந்து கொடுத்துட்டே இருந்தா அது கடைக்காரர் சொல்ற "ஒரிஜினல்". 1962ல அதே பெல் குடும்பத்தோட பெல் லேப்ஸ்ல கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் மெல்லிசான ஒரு பிளாஸ்டிக் படலத்துலயே நிரந்தரமா மின்சாரத்தை உறைய வெச்சு மைக் பண்ற வழி கண்டுபிடிச்சாங்க, அதான் எலக்ட்ரெட் மைக். ஏடி2020ல பின்பக்க தகட்டுல சார்ஜ் ஏத்தி வெச்சிருக்காங்க, உள்ள இருக்கிற ஆம்ப்ளிஃபையர் ஓடணும்னு 48 வோல்ட் கேக்குது. பண்ற விதம் வேற, அதனால மட்டும் மட்டம்னு ஆகாது. மட்டமானது எதுன்னா ஆர்ம், பாப் ஃபில்டர், சவுண்ட் கார்டு எல்லாம் சேத்து ஒரே செட்டா ரெண்டாயிரத்துக்கு வர்ற மைக்குகள், அதுல நிறையத்துல உள்ள திறந்து பாத்தா அவ்வளவு பெரிய கூண்டுக்குள்ள சட்டை பட்டன் சைஸ்ல ஒரு கேப்ஸ்யூல் உக்காந்திருக்கும்.

இரைச்சல் கணக்கு: என்டி1 ஐந்தாம் தலைமுறை 4 டெசிபெல், ஏடி2020 20 டெசிபெல், நம்பர் ரெண்டும் சரி. ஆனா ராத்திரி 11 மணிக்கு ஃபேன் ஆஃப் பண்ணின ஊர் வீட்டு ரூம் 30, 35 டெசிபெல் இருக்கும்னு வெச்சுக்கோங்க. 35ஓட 20ஐ கூட்டினா 35.1 சொச்சம், 4ஐ கூட்டினா 35.0. டெசிபெல் கூட்டல் அப்படித்தான், பெரியது சின்னதை முழுங்கிடும். பணம் சேத்து வாங்குற அந்த அமைதி உங்க ஜன்னல் வழியா வெளிய போயிடும். ரூம் 20 டெசிபெல்லுக்கு இறங்கினா அப்ப என்டி1 பேசலாம், அப்படி ரூம் கட்டினவன் இந்த கேள்வியை கேக்க மாட்டான்.

ஒரு எச்சரிக்கை. விலை கம்மியான பெரிய டயஃப்ரம் மைக்குகள்ல "ச", "ஸ" வரும்போது ஊசி குத்துற மாதிரி இருக்கும், நிறைய பேருக்கு காரணம் தெரியாது. நாய்மன் யூ87ல உள்ள கேப்ஸ்யூலோட வடிவத்தை இவங்க காப்பி அடிக்கிறாங்க, அந்த கேப்ஸ்யூல் இயல்பாவே மேல் அலைவரிசையை தூக்கி கொடுக்கும், நாய்மன்காரங்க சர்க்யூட்ல அதை இறக்கி சமன் பண்ணியிருப்பாங்க, காப்பி அடிக்கிறவங்க கேப்ஸ்யூலை மட்டும் எடுத்துக்கிட்டு சாதா சர்க்யூட்டை மாட்டிடுவாங்க. அதனால "ஸ்டுடியோ மைக் மாதிரியே இருக்கு"னு போட்டோ பாத்து வாங்காதீங்க. எது வாங்கினாலும் வாய்க்கு நேரா வைக்காம 15, 20 டிகிரி திருப்பி வெச்சா இந்த குத்தல் குறையும், காத்து அடிக்கறதும் குறையும்.

மிக்ஸ்மேசை_மணி

சைன்_வேவ் மைக்கை முடிச்சுட்டார், நான் கம்ப்ரஸரை எடுத்துக்கறேன். செட்டிங் தப்பு கொஞ்சம் இருக்கலாம், ஆனா நீங்க கேட்டதுதான் கம்ப்ரஸரோட வேலையே. நம்பர் போட்டு சொல்றேன். த்ரெஷோல்ட் (அமுக்க ஆரம்பிக்கிற கோடு) மைனஸ் 20, ரேஷியோ (எவ்வளவு அமுக்கணும்ங்கற அளவு) 3க்கு 1னு வெச்சுக்குவோம். உச்சத்துல பாடும்போது மைனஸ் 8 வருது, அதாவது கோட்டுக்கு மேல 12. அதை மூணால வகுத்து 4ஆ ஆக்கும், வெளிய வர்றது மைனஸ் 16, 8 டெசிபெல் அமுக்கியாச்சு. மந்தர ஸ்தாயில மைனஸ் 26 வருது, அது கோட்டுக்கு கீழ, அதைத் தொடாது. ஆக 18 டெசிபெல் இருந்த இடைவெளி 10 ஆச்சு. இப்ப மொத்தமா சத்தம் குறைஞ்சுடுச்சேன்னு மேக்கப் கெயின்ல அந்த 8ஐ திருப்பி ஏத்துறீங்க, அப்ப பாட்டு மட்டுமா ஏறும்? மைனஸ் 60ல கிடந்த ஃபேன் மைனஸ் 52க்கு வந்து உக்காரும். கம்ப்ரஸர் எவ்வளவு அமுக்குதோ அவ்வளவு ரூம் சத்தம் மேல வரும், விலை உயர்ந்த கம்ப்ரஸர்லயும் அப்படித்தான். நொய்யல் ரூமை பத்தி கத்துறாரே, அதுக்கு உண்மையான காரணம் இதுதான்.

ஸ்ருதி உப்புறது: பாட்டும் ஸ்ருதியும் ஒரே மைக்ல போயிருக்கு. அவ பாடும்போது கம்ப்ரஸர் மொத்தத்தையும் அமுக்குது, மூச்சு வாங்க நிறுத்தினதும் கை எடுக்குது, ஸ்ருதி மேல வருது. நம்ம சங்கீதத்துல பின்னாடி ஒரே சீரா ஒண்ணு ஓடிட்டே இருக்கறதால இந்த குறை மத்தவங்களைவிட நமக்கு பச்சையா தெரியும். இதை செட்டிங்ல தேடாதீங்க. ஸ்ருதியை போன் ஆப்ல இருந்து லேப்டாப்புக்கு தனி ட்ராக்கா ஏத்திட்டு, தங்கச்சிக்கு ஹெட்ஃபோன்ல கொடுங்க, ஒரு காது மூடி ஒரு காது திறந்து வெச்சு பாடட்டும், பழக்கத்துக்கு வரும். மூடாத பக்க ஸ்பீக்கரை கன்னத்தோட அழுத்தி வெச்சுக்கணும், இல்லைன்னா அதுல இருந்து ஸ்ருதி கசிஞ்சு மைக்ல ஏறும்.

குரலுக்கு நான் ஆரம்பிக்கிறது: ரேஷியோ 2 அல்லது 3, அட்டாக் (அமுக்க எடுத்துக்கற நேரம்) 10லிருந்து 15 மில்லிசெகண்ட், ரிலீஸ் (கை எடுக்க ஆகற நேரம்) 120 பக்கம், உச்சத்துல மட்டும் 3, 4 டெசிபெல் அமுக்கற மாதிரி த்ரெஷோல்டை இறக்கறது. அட்டாக்கை ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்டுக்கு இறக்கினா "த", "க" எல்லாம் மழுங்கிடும், சாகித்யம் புரியாது. ரிலீஸை ரொம்ப வேகமா வெச்சா பிருகா போடும்போது ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கம்ப்ரஸர் ஏறி இறங்கும், குரல் நடுங்குற மாதிரி ஒரு அலை வரும், அது கமகம் இல்ல. இன்னும் அமுக்கணும்னா ஒரே கம்ப்ரஸரை போட்டு நெருக்காம ரெண்டை வரிசையா போட்டு ஆளுக்கு மூணு டெசிபெல் கொடுங்க. பெரிய ஸ்டுடியோக்கள்ல 1176, எல்ஏ-2ஏனு ரெண்டு கம்ப்ரஸர் பெட்டிகள்ல 1176ஐ முன்னாடியும் எல்ஏ-2ஏவை பின்னாடியும் போடறது இதே சூத்திரம்தான், 1176 மைக்ரோசெகண்ட் கணக்குல திடீர் உச்சத்தை பிடிக்கும், எல்ஏ-2ஏ உள்ள ஒரு விளக்கையும் வெளிச்சத்தை உணர்ற செல்லையும் வெச்சு வேலை செய்யறதால நிதானமா, பாதி சீக்கிரம் விட்டு மீதியை சில செகண்ட் எடுத்து விடும், பாட்டுக்கு அது சுகம். அனலாக் அப்செஷன் பக்கத்துல லாலானு ஃப்ரீ ப்ளகின் இருக்கு, எல்ஏ-2ஏ ஜாடை.

எல்லாத்துக்கும் முன்னாடி, கம்ப்ரஸரே போடாம, ஆலாபனையை துண்டு துண்டா வெட்டி கீழ் ஸ்தாயி துண்டுகளை 4, 5 டெசிபெல் கையால ஏத்துங்க. அரை மணி நேர வேலை, போர் அடிக்கும், ஆனா அதுக்கப்புறம் கம்ப்ரஸருக்கு வேலையே பாதிதான். தங்கச்சிகிட்டயும் சொல்லுங்க, மேல் ஷட்ஜம் தாண்டும்போது தலையை ஒரு சாண் பின்னாடி எடுத்தா போதும், நல்ல மேடைப் பாடகருங்க எல்லாம் யாரும் சொல்லாமலே பண்றது.

கரையூர்_ரேடியோ (யாழ்ப்பாணம்)

வணக்கம். நானும் ஏடி2020தான் பாவிக்கிறன், குரல் பதிவுக்கு. ஒருத்தரும் ஈரப்பதத்தைப் பற்றிக் கதைக்கேல்ல. இஞ்ச கடல் கிட்ட, மாரி காலத்தில கண்டன்சரை ஸ்டாண்டிலயே விட்டால் கேப்ஸ்யூல் ஈரம் பிடிச்சு பட் பட் எண்டு பொரியிற சத்தம் வரும், மைக் பழுதாப் போச்சு எண்டு நினைச்சு ஆக்கள் கொண்டுபோய் குடுக்கினம். மதுரையில அந்தளவுக்கு இராது, எண்டாலும் ஐப்பசி கார்த்திகை மழையில கவனம். வேலை முடிய கழட்டி, இறுக்க மூடுற சாப்பாட்டுப் பெட்டி ஒண்டுக்குள்ள சிலிக்கா ஜெல் பைகளோட வையுங்கோ. சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாற சின்னப் பை போதாது, கமரா கடையில நிறம் மாறுற பெரிய சாதி இருக்கு, நிறம் மாறினால் சூடாக்கி திரும்ப பாவிக்கலாம். பாப் ஃபில்டர் போடுறதும் இதுக்குத்தான், "ப" சத்தத்துக்கு மட்டுமில்லை, எச்சில் ஈரம் கேப்ஸ்யூலில படாமல் இருக்க.

அறையைப் பற்றி: முட்டை ட்ரேயை சுவர் முழுக்க ஒட்டாதேங்கோ, அது மெல்லிசு, பெரிசா ஒண்டும் உறிஞ்சாது. பாடுற ஆளுக்குப் பின்னால கம்பளியோ மெத்தையோ தொங்க விடுங்கோ. கார்டியாய்ட் மைக் தன்ர முதுகுப் பக்கத்தை கேக்காது, பாடுற ஆளின்ர முதுகுப் பக்கத்தைத்தான் கேக்கும், எல்லாரும் மைக்குக்குப் பின்னால மட்டும் பஞ்சு ஒட்டுவினம்.

மேலவீதி_வீணை (தஞ்சாவூர்)

வீணைக்கு நான் சொல்லலாமா. குடத்துக்கு நேரா ஒட்டி வைக்காதீங்க, குடம் மட்டும் கும்முனு கேக்கும், மீட்டு காணாம போயிடும். குதிரைக்கு முன்னாடி ஒரு அடி, ஒன்றரை அடி தள்ளி, தரையில இருந்து கொஞ்சம் உயரமா வெச்சு, குதிரைக்கும் கடைசி மெட்டுக்கும் நடுவுல பாக்கற மாதிரி சாய்ச்சு வைங்க. அங்கிருந்து நாலு விரல் தண்டிப் பக்கம் நகர்த்தினா விரல் தந்தியில உரசற சத்தம் ஜாஸ்தி ஆகும், நாலு விரல் குடத்துப் பக்கம் வந்தா கனம் ஏறும், ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு ஒருத்தர் நகர்த்தணும், இன்னொருத்தர் வாசிக்கணும். வாசிக்கறவங்களே நகர்த்தி பாக்க முடியாது. கீழ டைல்ஸ் மேல ஜமக்காளம் கட்டாயம், ரெண்டா மடிச்சு போடுங்க.

கம்ப்ரஸர் வீணைக்கு போடாதீங்கன்னே சொல்வேன். ஒரு மீட்டுல நாலஞ்சு ஸ்வரம் இழுத்து அது தேய்ஞ்சு போறது இருக்கே, கம்ப்ரஸர் அந்த தேய்மானத்தை தூக்கி நிறுத்திடுது, கீபோர்டுல வாசிச்ச வீணை மாதிரி ஆயிடும். மணி சார் கோவிச்சுக்கக் கூடாது.

மிக்ஸ்மேசை_மணி

கோவம் எதுக்குங்க, நானும் தனி வீணைக்கு போடறதில்ல. மிருதங்கம் சேரும்போது மட்டும் 2க்கு 1ல லேசா, மீட்டு முழுசா தப்பிச்சு போற அளவுக்கு அட்டாக்கை 30 மில்லிசெகண்டுக்கு மேல வெச்சு.

வைகைக்கரை

எல்லாருக்கும் பெரிய நன்றி. ரேக் கம்ப்ரஸர் வேண்டாம்னு கடைக்காரர்கிட்ட சொல்லிட்டேன். ஏடி2020, யூஎம்சி202எச்டி, ஸ்டாண்ட், கேபிள், ஹெட்ஃபோன் போட்டு பாத்தேன், பட்ஜெட்டுக்குள்ள அடங்குது, கொஞ்சம் மிஞ்சவும் செய்யுது, அதுல கனமான திரைச்சீலை ரெண்டு தைக்கக் கொடுத்திருக்கு. அம்மாவோட பழைய ரஜாய் ரெண்டு இருக்கு, அதை துணி காயப்போடற ஸ்டாண்ட்ல மாட்டி பின்னாடி வைக்கலாம்னு தங்கச்சி சொல்றா. கடைசி சந்தேகம்: லேப்டாப் சார்ஜர் மாட்டியிருந்தா ஃப்ரெண்டு வீட்ல ஒரு "ஞொய்" சத்தம் வந்துச்சு, கழட்டினா நின்னுடுச்சு. எங்க வீட்லயும் வருமா?

சைன்_வேவ்

வரலாம். ரெக்கார்ட் பண்ற நேரம் சார்ஜரை கழட்டிட்டு பேட்டரியில ஓட்டுங்க, அதான் சுலபம். பேட்டரி நிக்காதுன்னா எர்த் ஒழுங்கா உள்ள மூணு பின் சாக்கெட்ல மட்டும் மாட்டுங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல எர்த் வயர் உள்ள கனெக்ட் ஆகியிருக்கான்னு எலக்ட்ரீஷியனை விட்டு ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க, நிறைய வீட்ல துளை இருக்கும் வயர் இருக்காது. மைக் உடம்பை கையால தொட்டதும் சத்தம் மாறுச்சுன்னா எர்த்தைத்தான் முதல்ல சந்தேகப்படணும். இன்வெர்ட்டர்ல ஓடும்போது எடுக்காதீங்க, சில இன்வெர்ட்டர்ல வர்ற கொரகொரப்பை எந்த ப்ளகினும் முழுசா எடுக்காது.

அப்புறம் மைக் கேபிளை சொருகறதும் பிடுங்கறதும் பேன்டம் ஆஃப்ல இருக்கும்போது பண்ணுங்க. ஆன் பண்றதுக்கு முன்னாடி ஹெட்ஃபோன் வால்யூமை இறக்கிடுங்க, டப்புனு ஒரு அடி அடிக்கும். ஆன் பண்ணி ஒரு நிமிஷம் விட்டுட்டு எடுக்க ஆரம்பிக்கலாம்.

நொய்யல்_ஸ்பீக்கர்

ரஜாய் மாட்டினதும் முதல் டேக்கை கம்ப்ரஸர் போடாம அப்படியே இங்க போடுங்க. கேட்டுட்டு சொல்றோமுங்க.